கண் திறந்திருக்கும்போதே நடக்கும் 'குருட்டு'க் கீழ்ப்படிதல்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாம்பாரை வாயில் வைத்ததும் லேசாக ஊசிப்போன வாடை அடிக்கிறது. பக்கத்து இலைக்காரர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதிர் வரிசையிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. பெண்ணின் அப்பா பந்தி விசாரித்துக்கொண்டே வந்து, "எல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்கிறார். "சாம்பார் ஊசிப்போச்சு" என்று அந்த இடத்தில் அவர் முகத்துக்கு நேரே எத்தனை பேர் சொல்வார்கள்? "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, சாம்பார் சோற்றை இலையோரமாக ஒதுக்குகிறவர்களே அதிகம்.

நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்குத்தான் வரவில்லை. 'குருட்டுக் கீழ்ப்படிதல்' என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. 'குருட்டு' என்ற அடைமொழியைக் கேட்டால், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் மந்தை மாதிரி நடப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 60 ஆண்டு ஆய்வுகள் காட்டும் ஆள் வேறு மாதிரி இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரிகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, "இது சரியில்லையே" என்று வாய்விட்டும் சொல்கிறார். சொல்லிக்கொண்டே, இன்னொருவருக்கு ஷாக் கொடுக்கும் சுவிட்சை அழுத்துகிறார்.

அது எப்படி நடக்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

தனக்குச் சொல்லும் உரிமை உள்ளவராகத் தான் ஏற்றுக்கொண்ட ஒருவர் சொன்னதைச் செய்வது கீழ்ப்படிதல். யாரும் சொல்லாமலே, பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது ஒத்துப்போதல். பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது ஒத்துப்போதல். சமையற்காரரே வந்து, "அது புளியோட வாசனைங்க, சாப்பிடுங்க" என்று சொல்லி, நீங்களும் சாப்பிட்டுவிட்டால் அது கீழ்ப்படிதல். பேச்சில் இரண்டும் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. பிரித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சில சமயம் ஒன்று மற்றொன்றை முறியடிக்கும். பின்னால் அதைப் பார்ப்போம்.

கீழ்ப்படிதல் தன்னளவில் நோய் ஒன்றுமில்லை. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் சொன்னதும் 40 பேரும் காரணம் கேட்டு வாதாடினால் பேருந்து நகராது. எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டக்டரின் உரிமை பேருந்தோடு முடிகிறது. அதே ஆள் ஓட்டலில் உங்கள் எதிரே உட்கார்ந்து "தோசை வேண்டாம், இட்லி சாப்பிடுங்க" என்றால் சிரிப்பீர்கள். இப்படி ஓர் இடத்துக்குள், ஒரு வேலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமையை 'ஏற்கப்பட்ட அதிகாரம்' என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் தொடங்குவது அந்த எல்லையில்தான். எல்லையைத் தாண்டிய பிறகும் சீருடை சீருடையாகவே தெரிகிறது. லெனார்ட் பிக்மன் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் காவலாளி உடுப்பு அணிந்தவர் வழிப்போக்கர்களிடம் "அந்தப் பையை எடு", "அவருக்குச் சில்லறை கொடு" என்று சொன்னார். தெருவில் குப்பை பொறுக்கச் சொல்லும் உரிமை எந்தக் காவலாளிக்கும் கிடையாது. இருந்தாலும் சாதாரண உடையில் இருந்தவருக்குக் கிடைத்ததைவிட அவருக்கு அதிகமானவர்கள் கீழ்ப்படிந்தார்கள்.

யேல் ஆய்வகத்தில் நடந்தது

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் ஆய்வை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். ஜெருசலேமில், யூதப் படுகொலையில் முக்கியப் பங்கு வகித்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் முடிவுகள் 1963-இல் வெளிவந்தன.

நினைவாற்றலைப் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்து, 20 முதல் 50 வயது வரையிலான 40 ஆண்களைச் சேர்த்தார்கள். தபால் ஊழியர், பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், கூலித் தொழிலாளி என்று கலவையான கூட்டம். ஆளுக்கு 4.50 டாலர். வந்ததற்காகவே அந்தப் பணம், நடுவில் என்ன நடந்தாலும் அது உங்களுடையதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த விவரம் முக்கியம். பணத்துக்காகத் தொடர்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

சீட்டுக் குலுக்கி ஒருவர் 'ஆசிரியர்', மற்றவர் 'மாணவர்' ஆனார்கள். இரண்டு சீட்டிலும் 'ஆசிரியர்' என்றே எழுதியிருந்தது. மாணவராக வந்த 47 வயதுக்காரர் ஆய்வுக் குழுவின் ஆள். அவரைப் பக்கத்து அறையில் நாற்காலியோடு கட்டி, கையில் மின்முனையைப் பொருத்தினார்கள். ஆசிரியரின் முன்னால் 30 சுவிட்சுகள் கொண்ட பெட்டி. முதல் சுவிட்ச் 15 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் 15 கூடி, கடைசி சுவிட்சில் 450. மேலே 'லேசான ஷாக்' என்று தொடங்கும் எழுத்து, 'அபாயம்: கடுமையான ஷாக்' வரை போகிறது. கடைசி இரண்டு சுவிட்சுகளின் மேல் வெறும் பெருக்கல் குறிகள்தான். வார்த்தைச் சோடிகளைப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். தப்பான பதில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த சுவிட்ச். பெட்டி உண்மையானது என்று நம்பவைக்க, ஆசிரியருக்கே 45 வோல்ட்டில் ஒரு ஷாக் கொடுத்துக் காட்டினார்கள். அந்த ஒன்று மட்டும்தான் நிஜம். மாணவருக்கு எதுவும் பாயவில்லை.

முதல் வடிவத்தில் அலறல் கிடையாது. 300 வோல்ட்டில் மாணவர் சுவரைத் தட்டுகிறார், பிறகு பதில் வருவதில்லை. 315-இல் மறுபடி தட்டுகிறார். அதன் பிறகு முழு அமைதி. பதில் வராததைத் தப்பான பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் சோதனையாளர். ஆசிரியர் தயங்கினால் அவர் சொல்வதற்கு வரிசையாக நான்கே வாக்கியங்கள்: தயவுசெய்து தொடருங்கள், நீங்கள் தொடர்வது இந்தச் சோதனைக்குத் தேவை, நீங்கள் தொடர்வது மிகமிக அவசியம், உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும். நாலாவதுக்குப் பிறகும் மறுத்தால் சோதனை முடிந்தது. மிரட்டல் இல்லை, தண்டனை இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை.

முடிவைச் சொல்லாமல் 40 மனநல மருத்துவர்களிடம் கேட்டபோது, 450 வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். போனவர்கள் 40-க்கு 26 பேர். அதாவது 65 விழுக்காடு.

சொல்லிச் சொல்லித் திரிந்துபோன பகுதிகள்

இந்தக் கதை வாய்க்கு வாய் மாறிவிட்டது. வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி என்பார்கள். கோட்டின் நிறம் சாம்பல். போட்டிருந்தவர் 31 வயது உயிரியல் ஆசிரியர். "விடுங்கள், எனக்கு இதயக் கோளாறு" என்ற கதறல் பின்னால் செய்த வடிவங்களில் வருகிறது, முதல் 40 பேர் கேட்டது சுவரில் தட்டும் ஓசை மட்டும். கதறல் உள்ள வடிவிலும் 65 விழுக்காடே கிடைத்ததால் இரண்டும் ஒரே கதையாக ஒட்டிக்கொண்டன.

இதைவிடப் பெரிய திரிபு, 'மூன்றில் இரண்டு பேர் சொன்னதைச் செய்வார்கள்' என்று அதை மனித குலத்தின் நிலையான அளவாக்குவது. மில்கிராம் இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் இதைச் செய்தார். சிலவற்றில் விழுக்காடு 90-ஐத் தாண்டியது, சிலவற்றில் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடைசிவரை போனவர்கள் பாதிக்கும் குறைவு. மாறிக்கொண்டே இருக்கும் அந்த எண்தான் உண்மையான கண்டுபிடிப்பு. 65 அதில் ஒரு புள்ளி.

மூன்றாவது திரிபு, அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பது. 40-இல் 14 பேருக்கு இடமே இல்லாத பதற்றச் சிரிப்பு வந்தது. மூன்று பேருக்கு உடம்பே குலுங்கும் அளவுக்கு அடக்க முடியாமல் வந்தது. எல்லாருமே ஏதோ ஒரு கட்டத்தில் தயங்கினார்கள், கேள்வி கேட்டார்கள். கோவலனைக் கொல்லப் போன காவலர்களும் அப்படித்தான். இவனைப் பார்த்தால் கொலைப்படத் தக்கவனாகத் தெரியவில்லையே என்று சொல்லத்தான் செய்தார்கள். பக்கத்தில் நின்ற பொற்கொல்லன் பேசிப் பேசியே அந்தத் தயக்கத்தைக் கரைத்தான். தயக்கம் வருவதும் கை நிற்பதும் வேறுவேறு வேலைகள்.

ஆய்வின் மேல் நியாயமான குறைகளும் உண்டு. ஒலிநாடாக்களை ஆராய்ந்த ஜீனா பெர்ரி, சோதனையாளர் நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் கூடுதலாக வற்புறுத்திய இடங்களையும், உண்மை என்னவென்று உடனே சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் எடுத்துக்காட்டினார். ஷாக் நிஜம் என்று நம்பாதவர்களும் இருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அடிப்படைப் போக்கு மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட மறுசோதனையில் 150 வோல்ட்டோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேலும் போகத் தயாராக இருந்தவர்கள் 70 விழுக்காடு. போலந்தில் 10 பொத்தான்களோடு நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில் 80 பேரில் 72 பேர் பத்தாவதையும் அழுத்தினார்கள்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம் இது: கீழ்ப்படிந்தவர்கள் பார்த்தும் கேட்டும் பதறியும்தான் கீழ்ப்படிந்தார்கள். அவர்களைத் தொடர வைத்தது சூழ்நிலையின் அமைப்பு. அந்த அமைப்பை இனிப் பிரித்துப் பார்ப்போம்.

15 வோல்ட் படிக்கட்டு

எடுத்த எடுப்பில் "450 வோல்ட் கொடு" என்றிருந்தால் பெரும்பாலோர் எழுந்து போயிருப்பார்கள். ஆரம்பம் 15. அது ஒன்றுமே இல்லை. 30-உம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து இம்மியளவுதான் தள்ளியிருக்கிறது.

கைமாற்று வாங்குபவரை நினைத்துப் பாருங்கள். முதலில் 200 ரூபாய், அடுத்து 500, பிறகு 1,000. மொத்தம் 20,000 ஆனபோது "இனிமே கிடையாது" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. பணம் பெரிது என்பது மட்டும் காரணமில்லை. இன்று மறுத்தால், நேற்று கொடுத்தது முட்டாள்தனம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆய்வகத்திலும் இதே கணக்குதான். 195-இல் நிறுத்துபவர், 180 மட்டும் எப்படிச் சரியாக இருந்தது என்று தனக்குத்தானே பதில் சொல்லியாக வேண்டும். நிறுத்துவது தன்மேல் தானே தீர்ப்பு எழுதுவதாகிறது. தொடர்வதுதான் அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடும் வழி. இதைப் 'படிப்படியான பிணைப்பு' என்று சொல்லலாம்.

படிக்கட்டில் எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை என்பதுதான் சுவாரசியம். கதறல் உள்ள வடிவத்தில், மாணவர் முதல்முதலாக "என்னை வெளியே விடுங்கள்" என்று கேட்கும் இடம் 150 வோல்ட். வெவ்வேறு வடிவங்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த டொமினிக் பாக்கர், நிறுத்தியவர்களில் அதிகம் பேர் நிறுத்தியது அந்த இடத்தில்தான் என்று 2008-இல் காட்டினார். வலி கூடக் கூட நிறுத்துகிறவர்களும் கூடவில்லை. 'மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்' என்பது புதிய செய்தி. அந்தப் புதிய செய்தி கிடைத்த நிமிடத்தில் நிற்காதவர், பெரும்பாலும் 450 வரை போய்விடுகிறார். பர்கர் 150-ஐ எல்லையாக வைத்துக்கொண்டதும் இதனால்தான்.

பொறுப்பு யார் தலையில்?

"நான் என்ன சார் பண்றது, மேலிடத்து உத்தரவு." அலுவலகக் கவுண்டரில் இதைக் கேட்காதவர் இருக்க மாட்டார். மில்கிராம் இந்த மனநிலைக்கு வைத்த பெயரைத் தமிழில் 'முகவர் நிலை' எனலாம். இன்னொருவரின் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகத் தன்னைப் பார்க்கத் தொடங்குவது. அப்போது மனசாட்சி வேலை செய்வதை நிறுத்திவிடுவதில்லை, அது கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது. 'இது சரியா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், 'சொன்னதைச் சரியாகச் செய்கிறேனா?' என்று கேட்கத் தொடங்குகிறார். பலர், இவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான்தான் பொறுப்பு என்று சோதனையாளர் சொன்னதும் தொடர்ந்தார்கள்.

இந்த விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. ஏன் என்பதற்கு அந்த நான்கு வாக்கியங்களையே திரும்பப் பாருங்கள். அவற்றில் அசல் கட்டளை நாலாவதுதான்: 'வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.' மனிதர்கள் கட்டளைக்கு அடங்கும் கருவி என்றால் அதுதான் அதிகம் வேலை செய்திருக்க வேண்டும். பர்கரின் சோதனையில் அந்த வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. 'சோதனைக்குத் தேவை' என்ற இரண்டாவது வாக்கியமோ நன்றாக வேலை செய்தது.

உளவியலாளர்கள் அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரைக்கரும் இதை வைத்து வேறொரு விளக்கம் தருகிறார்கள். ஆசிரியர் அறிவியலை மதிக்கிறார், யேலை மதிக்கிறார், நல்ல காரியத்தில் தனக்கும் பங்கு இருப்பதாக நினைக்கிறார். மனம் கூசினாலும் அந்தக் காரியத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறார். இது 'ஈடுபாட்டோடு பின்தொடர்தல்'. அதிகாரி உறுமினால் முறுக்கிக்கொள்பவர், "நம்ம வேலைக்காகத்தான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றால் இளகிவிடுகிறார். இரண்டில் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் பொறுப்பைத் தள்ளிவிடுவது ஒரு பங்கு வகிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

பந்திச் சங்கடமும் இதில் சேரும். நடுவில் எழுந்தால், 'நீங்கள் செய்வது தப்பு' என்று எதிரில் உள்ளவரின் முகத்துக்கு நேரே சொன்னதாகிறது. ஒரு மனிதனை அவமதிக்கக் கூசும் சாதாரண மரியாதை, பக்கத்து அறையில் இருப்பவரின் உயிரைவிடக் கனமாகிவிடுவது கேட்க அபத்தம்தான். ஆனால் மரியாதைக்குரியவர் கண்ணெதிரே நிற்கிறார், உயிர் சுவருக்கு அப்பால் இருக்கிறது.

எண் ஏறுவதும் இறங்குவதும்

அந்தச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் என்ன ஆகும் என்றும் மில்கிராம் பார்த்தார். மாணவரை அதே அறையில் உட்கார வைத்ததும் 65 என்ற எண் 40 ஆனது. அவர் கையைப் பிடித்து மின் தகட்டின் மேல் அழுத்த வேண்டும் என்றபோது 30. மறுபக்கம், சோதனையாளர் எழுந்துபோய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது ஏறக்குறைய 20. அப்போது சிலர் ஒரு வேலை செய்தார்கள்: அழுத்தாமலே 'அழுத்தினேன்' என்று பொய் சொன்னார்கள், அல்லது குறைந்த சுவிட்சையே திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். மறுக்கத் துணிவில்லை, செய்யவும் மனமில்லை. நம் ஊர் அலுவலகங்களில் கோப்பு தூங்குவதற்கும் சில சமயம் இதுவே காரணம்.

யேலை விட்டு, பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சாதாரண வணிகக் கட்டடத்துக்குச் சோதனையை மாற்றினார்கள். 47.5. கட்டடத்தின் பெருமையும் ஒரு பங்கு சேர்க்கிறது, ஆனால் பாதி பேருக்கு அது தேவைப்படவில்லை. பெண்களை வைத்துச் செய்தபோது அதே 65.

எந்த வோல்ட் என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம் என்று விட்டபோது, 40 பேரில் உச்சம் வரை போனவர் ஒரே ஒருவர். மனிதனுக்குள் ஒளிந்திருக்கும் கொடூரம் வாய்ப்புக் கிடைத்ததும் வெளிவருகிறது என்று வாதிடுபவர்களுக்குப் பதில் சொல்ல இந்த எண் போதும்.

இரண்டு சோதனையாளர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டு, ஒருவர் 'நிறுத்து' என்றும் மற்றவர் 'தொடர்' என்றும் சொன்னபோது, கடைசிவரை போனவர் யாருமில்லை.

பக்கத்தில் இருப்பவர்களின் பலம்தான் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஆசிரியருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேரை (அவர்களும் குழுவின் ஆட்கள்) உட்கார வைத்து, ஒருவர் 150-இலும் அடுத்தவர் 210-இலும் "நான் மாட்டேன்" என்று எழுந்துவிட்டபோது, கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4. ஒத்துப்போதல் கீழ்ப்படிதலை முறியடிக்கும் என்று முதலில் சொன்னது இதைத்தான். பந்தியில் ஒருவர் "சாம்பார் சரியில்லைங்க" என்று சொல்லட்டும், வரிசையாகப் பத்து இலையிலிருந்து "ஆமாங்க" வரும். இதற்கு நேர் எதிர் வடிவமும் உண்டு. சுவிட்சை வேறொருவர் அழுத்த, இவர் கேள்வியைப் படிப்பது மட்டும் வேலை என்றால், 40-க்கு 37 பேர் கடைசிவரை உடனிருந்தார்கள். பெரிய நிறுவனங்களில் ஒரு கொடுமை பத்து மேசைகளாகப் பிரிந்து நடக்கும்போது, ஏறக்குறைய எல்லாருமே இந்த 37 பேரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆக, கட்டளை இடுபவர் அருகில் இருப்பது, பாதிக்கப்படுபவர் தொலைவில் இருப்பது, வேலை துண்டு துண்டாக இருப்பது ஆகியவை எண்ணை ஏற்றுகின்றன. மறுக்கும் சக மனிதரும் பிளவுபட்ட அதிகாரமும் இறக்குகின்றன.

போர்க் கொடுமைகளுக்கு இதுவே விளக்கமா?

முழு விளக்கம் ஆகாது. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம், அறியாத மனிதர். அங்கே ஆண்டுக்கணக்கான வெறுப்புப் பிரசாரம், பதவி, கொள்ளை. போலந்தின் யூசெஃபூவ் கிராமத்தில் 1942 ஜூலை 13 அன்று ஏறக்குறைய 1,500 யூதர்களைக் கொன்ற ஜெர்மானியக் காவல் படையினரிடம், வயதில் மூத்தவர்களில் முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதியே சொன்னார். ஏறக்குறைய 500 பேரில் அந்தக் கணத்தில் முன்வந்து விலகியவர்கள் சுமார் ஒரு டஜன். விலகியதற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. இதைக் கட்டளைக்கு அஞ்சியது என்று மட்டும் சொல்ல முடியாது; வரிசையிலிருந்து தனியாக வெளியே வரும் கூச்சமும், கஷ்டமான வேலையைத் தோழர்கள் தலையில் கட்டுவதாக நினைக்கும் மனமும் அதில் இருந்தன என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். 'உத்தரவுப்படி செய்தேன்' என்பது மட்டும் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய போர்க்குற்ற விசாரணையிலிருந்து வகுத்த நியூரம்பர்க் கோட்பாடுகள் சொல்வதும், வேறு வழி தேர்ந்தெடுக்க உண்மையிலேயே வாய்ப்பு இருந்ததா என்ற கேள்வியோடுதான்.

மருந்து டப்பாவும் ஓடுபாதையும்

நல்லவர்கள், நல்ல வேலையில், அவசரத்தில் கீழ்ப்படியும்போது என்ன ஆகிறது என்பதற்கு மருத்துவமனையைப் பார்க்கலாம். 1966-இல் சார்லஸ் ஹாஃப்லிங் குழு வெளியிட்ட ஆய்வில், பெயர் கேள்விப்படாத ஒரு மருத்துவர் வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொன்னார். டப்பாவின் மேலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. 22 செவிலியர்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டார்கள். ஆய்வுக் குழுவினர் அவர்களை வழியிலேயே நிறுத்தினார்கள், மருந்தும் தீங்கற்ற போலி.

1977-இல் வேறொரு குழு இதை மாற்றிச் செய்தது. மருந்து செவிலியர்களுக்கு நன்கு தெரிந்தது, பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் இருந்தார்கள். 18 பேரில் 2 பேர்தான் சொன்ன அளவைத் தயார் செய்தார்கள். தன் சொந்த அறிவும், கலந்து பேச ஓர் ஆளும் இருந்தால் போதும், தலைகீழ் மாற்றம். 'தைரியசாலிகளை வேலைக்கு எடுங்கள்' என்பதைவிட இது எளிய மருந்து.

விமானத்துறைக்கு இந்தப் பாடம் உயிர்ப்பலி கொடுத்தே கிடைத்தது. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, மூடுபனி. புறப்பட நின்ற டச்சு விமானத்தின் தலைமை விமானி, அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். அனுமதி வருமுன் அவர் எஞ்சினைக் கூட்டியபோது துணை விமானி தடுத்தார், அவரும் ஏற்றுக்கொண்டார். அடுத்து வந்த பாதை விவரத்தையே புறப்படும் அனுமதியாக எடுத்துக்கொண்டு மறுபடி நகர்ந்தபோது, துணை விமானி இரண்டாவது முறை தடுக்கவில்லை. அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த இன்னொரு விமானம் விலகிவிட்டதா என்று விமான எஞ்சினியர் மட்டும் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவரும் அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் நடுவே பேச்சு ஏற முடியாதபடி இருக்கும் உயர வித்தியாசத்துக்கு 'அதிகாரச் சரிவு' என்று பெயர். சரிவு செங்குத்தாக இருந்தால், கீழிருந்து வரும் எச்சரிக்கை கேள்வி வடிவில்தான் வரும், ஒரு முறைதான் வரும். 1979-இல் நாசா கூட்டிய பட்டறைக்குப் பிறகு வளர்ந்த விமானக் குழுப் பயிற்சி இதைத்தான் குறிவைத்தது. பயிற்சி தரும் வரிசை இது: முதலில் கேள்வி. அடுத்து, கண்ணால் கண்ட உண்மையை அளவோடு சொல்வது: "எரிபொருள் 15 நிமிடத்துக்குத்தான் இருக்கிறது." அடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாற்று வழி: "கேப்டன், இப்போதே இறங்க வேண்டும்." இரண்டு முறை தெளிவாகச் சொல்லியும் பதில் இல்லையென்றால் கட்டுப்பாட்டைக் கையில் எடுப்பது. பழகுபவர்கள் சறுக்குவது இரண்டாம் படியில். எண்ணையும் உண்மையையும் சொல்ல வேண்டிய இடத்தில், "கொஞ்சம் பார்த்துக்கலாமா சார்?" என்று மறுபடியும் கேள்வியாகவே கேட்டுவிடுகிறார்கள். மரியாதையாகச் சொல்லலாம், ஆனால் வாக்கியம் கேள்விக்குறியில் முடியக் கூடாது.

போனில் வரும் 'அதிகாரி'

இந்தியாவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் நடக்கும் மோசடியை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். ஏமாந்தவர்களில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் உண்டு. 'படித்தவங்க எப்படி ஏமாந்தாங்க?' என்ற கேள்வியிலேயே பிழை இருக்கிறது. மோசடி அவர்களின் அறிவைக் குறிவைக்கவில்லை.

முதலில் பதிவு செய்த குரல்: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள். 9-ஐ அழுத்துங்கள். இது 15 வோல்ட். பிறகு ஆதார் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வீடியோ அழைப்பு, சீருடை, பின்னால் காவல் நிலையம் போன்ற அறை, முத்திரை குத்திய கடிதம். 'சரிபார்க்க' என்று சொல்லிப் பணத்தை அவர்கள் கணக்குக்கு மாற்றச் சொல்வது கடைசிச் சுவிட்சுகளில்தான் வருகிறது.

தொலைபேசியில் மட்டும் உத்தரவிட்டால் கீழ்ப்படிதல் 20-க்கு இறங்கும் என்று பார்த்தோம். கேமராவை அணைக்கவே கூடாது, தூங்கும்போதும் ஓட வேண்டும் என்று மோசடிக்காரர் வற்புறுத்துவது அதனால்தான். அதிகாரியை அறைக்குள்ளேயே உட்கார வைக்கிறார். மறுக்கும் சக மனிதர் ஒருவர் வந்தால் எண் சரியும். 'இது ரகசிய விசாரணை, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, கதவைச் சாத்துங்கள்' என்பது அதற்கான முன்னெச்சரிக்கை. விசாரணைக்கு ஒத்துழைக்கும் நல்ல குடிமகன் என்ற பெருமையைத் தடவிக் கொடுப்பது, 'சோதனைக்குத் தேவை' என்ற அந்த இரண்டாவது வாக்கியத்தின் வேலை. இவர்கள் யாரும் மில்கிராமைப் படித்திருக்க வேண்டியதில்லை. எது பலிக்கிறது என்று பழகிப் பழகிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மீளும் வழியும் அதே பட்டியலில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் வீடியோ அழைப்பில் கைது என்று ஒன்று கிடையாது, எந்த விசாரணை அமைப்பும் போனில் பணம் மாற்றச் சொல்லாது. ஆனால் பதற்றத்தில் சட்டம் நினைவுக்கு வராது. அதனால் செய்ய வேண்டியது உடம்பால் செய்யும் வேலை: அழைப்பைத் துண்டிப்பது, கதவைத் திறப்பது, பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருவரிடம் நடந்ததை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்வது. சொல்லிக்கொண்டு வரும்போதே மூன்றாவது வாக்கியத்தில் கதை இடறும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுமுன் தகவல் போனால்தான் வங்கியால் அதை முடக்க முடியும். நடுவில் நிறுத்தியவர்களுக்குத்தான் ஒரு தயக்கம் வரும், 'ஏற்கெனவே 50,000 அனுப்பிட்டேனே, இப்போ சொன்னா வீட்ல என்ன நினைப்பாங்க?' என்று. அது 195-ஆவது வோல்ட்டில் வரும் அதே தயக்கம். வீட்டில் இருப்பவர் அப்போது "எப்படிங்க ஏமாந்தீங்க?" என்று கேட்காமல் போனை எடுத்து 1930-ஐ அழுத்தினால் நேரம் மிச்சம்.